பின் சஸ்பென்ஷன்: பிடிக்கு எப்படி, டிரிஃப்ட்டுக்கு எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பின்சக்கர இழுவைக் காடிகள் இன்னும் ஓடுகின்றன. கொரோலா கேஇ70, டட்சன் 120ஒய், நிசான் செஃபிரோ ஏ31, அங்கொன்றும் இங்கொன்றுமாக சில்வியா. தாத்தா காலத்து கேஇ70-ஐக் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கும் இளைஞர்கள் முதலில் ரிம் மாற்றுகிறார்கள், அப்புறம் ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள், அதற்குப் பிறகுதான் கேள்வி கேட்க வருகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதற்காகவே இந்தப் பக்கம்.

டிரிஃப்ட் பண்ண வேண்டுமென்றால் பின் டயருக்குப் பிடியே இருக்கக் கூடாது, சரிதானே அண்ணே?

சரியில்லை தம்பி. பிடி இல்லாத காடி வழுக்கும், அவ்வளவுதான். டிரிஃப்ட் என்பது பின் டயர் வழுக்கிக்கொண்டிருக்கும்போதே காடியை முன்னால் தள்ளுவது. எந்த நொடியில் டயர் விடும், எந்த நொடியில் திரும்பப் பிடிக்கும் என்பது ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும். டயர் சட்டென்று விட்டு சட்டென்று பிடித்தால் காடி எதிர்ப்பக்கம் சுண்டிவிடும்.

போட்டியில் ஓடும் பெரிய குதிரைசக்தி டிரிஃப்ட் காடிகளின் பின்பக்கத்தைப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஸ்பிரிங் மெதுவாக (மென்மையாக) இருக்கும், கேம்பர், அதாவது டயர் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு, கிட்டத்தட்ட நேராக இருக்கும், டயர் காற்று குறைவாக இருக்கும், டயரும் அகலமானது. எல்லாமே பிடியைக் கூட்டும் வேலை. எஞ்சினுக்கு டயரைச் சுற்ற வைக்கும் சக்தி தாராளமாக இருக்கிறது, அதனால் சஸ்பென்ஷன் பிடியைத் தேடுகிறது. பிடி இருந்தால்தான் வழுக்கும்போதும் வேகம் கிடைக்கும்.

நம் ஊர் கேஇ70-இல் இருப்பது பழைய 4கே எஞ்சின். அதற்கு டயரின் பிடியை உடைக்கவே தெம்பு போதாது. ஆகவே அங்கே பின்பக்கப் பிடியைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கிறது. ஆக, எந்த செட்டிங் சரி என்பதை முதலில் எஞ்சின்தான் முடிவு செய்கிறது. செஃபிரோவில் டர்போ போட்டவரின் செட்டிங்கை அப்படியே கேஇ70-க்குக் கேட்பதில் பயன் இல்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது? கோய்லோவர் (ஸ்பிரிங்கும் அப்சோபரும் ஒன்றாக வரும் செட்) வாங்கலாமா?

முதலில் காடிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டார்ச் லைட்டும் ஒரு நீளமான கம்பியும் போதும்.

பின் ஆர்ம், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை, பாடியோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். கம்பியை ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே கொடுத்து நெம்புங்கள். நல்ல புஷ் கொஞ்சம் அசைந்து கெட்டியாகத் திரும்பி வரும். செத்த புஷ்ஷில் உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் ரப்பரை விட்டுத் தனியாக நகரும். ரப்பரின் ஓரத்தில் பிறை வடிவில் வெடிப்பு தெரியும், வெடிப்புக்குள் நம் தோட்டத்துச் செம்மண் படிந்திருக்கும். நாற்பது வயதுக் காடியில் ஒரு புஷ் இப்படி இருந்தால் மற்றவையும் அப்படித்தான் இருக்கும்.

இந்த நிலையில் ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து கோய்லோவர் போட்டாலும் அலைன்மெண்ட் நிற்காது. மிஷினில் டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சரியாகக் காட்டும், வெளியே வந்து எண்ணெயை (ஆக்ஸிலரேட்டரை) அழுத்தியதும் ஆர்ம் தன் இஷ்டத்துக்கு நகரும். புஷ், அப்சோபர் மேல் மவுண்ட், வீல் பேரிங் ஆகிய மூன்றையும் முதலில் புதிதாக்குங்கள். பலருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் பிடியா, மெதுவாக இருந்தால் பிடியா?

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, நேராகப் போகும்போது எடை முன்னிருந்து பின்னுக்குப் போவது. இன்னொன்று, வளைவில் உள் டயரிலிருந்து வெளி டயருக்குப் போவது.

முதலில் நேர் ஓட்டம். 900 கிலோ எடையுள்ள காடி, கேஇ70 போல 2.4 மீட்டர் வீல்பேஸ், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 0.4ஜி முடுக்கத்தில் (புவியீர்ப்பின் 0.4 பங்கு) எகிறினால் பின்னுக்குப் போகும் எடை: 900 பெருக்கல் 0.4 பெருக்கல் 0.5, வகுத்தல் 2.4. கிட்டத்தட்ட 75 கிலோ. இந்தக் கணக்கில் ஸ்பிரிங்கே வரவில்லை, கவனித்தீர்களா? பால்மரம் வெட்டுபவர் காண்டாக் கம்பில் இரண்டு வாளி பாலைத் தூக்கிப் போகிறார். கம்பு வளைந்து கொடுத்தாலும் விறைத்து நின்றாலும் தோளில் பாரம் அதேதான், ஆட்டம் மட்டும்தான் மாறும். ஸ்பிரிங்கும் அப்படித்தான். மெதுவான ஸ்பிரிங் எடையைக் கூட்டாது. அந்த எடை டயரில் இறங்கும் விதத்தைப் பதமாக்கும், மேடு பள்ளத்தில் டயரைத் தரையோடு ஒட்ட வைக்கும். கம்பத்துச் சடக்கில் இந்த இரண்டாவது பலன்தான் பெரிது.

இப்போது வளைவு. டயருக்கு ஒரு குணம் உண்டு. அதன் மேல் எடையை இரட்டிப்பாக்கினால் பிடி இரட்டிப்பாகாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். ஆகவே ஒரே அச்சில் இரண்டு டயரும் எடையைச் சமமாகப் பங்கிட்டால் மொத்தப் பிடி அதிகம். வெளி டயர் ஒன்றே பெரும்பாலான எடையைச் சுமந்தால் மொத்தப் பிடி குறைவு. வளைவில் காடி முழுவதற்கும் மாறும் எடை ஏறக்குறைய நிலையானது, ஆனால் அதில் முன் அச்சு எவ்வளவு எடுக்கிறது, பின் அச்சு எவ்வளவு எடுக்கிறது என்பதை ஸ்பிரிங்கும் ஸ்டேபிலைசர் பாரும் (இடது வலது சக்கரங்களை இணைத்துக் காடி சாய்வதைக் குறைக்கும் கம்பி) தீர்மானிக்கின்றன. எந்தப் பக்கம் விறைப்பு அதிகமோ அந்தப் பக்கம் அதிகமாக எடுத்துக்கொள்ளும், பிடியையும் இழக்கும்.

பின்பக்கத்தை விறைப்பாக்கினால் பின்பக்கம் முதலில் விடும். பின்பக்கத்தை மெதுவாக்கினால் முன்பக்கம் முதலில் விடும், பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வரும். இந்த ஒரு தத்துவம் பிடிபட்டால் மற்ற செட்டிங்கெல்லாம் நீங்களே யூகிக்கலாம்.

அப்படியானால் ஸ்டேபிலைசர் பாரைக் கழற்றிவிடலாமா?

பின்பக்கப் பாரைக் கழற்றுவது பின் பிடியைக் கூட்ட மிக மலிவான வழி. செலவு இல்லை, சில போல்ட்டுகள்தான். மழையில் எண்ணெய் கொடுத்தாலே வால் ஆடுகிற செஃபிரோ என்றால் ஒரு நாள் கழற்றி ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

சக்தி குறைந்த காடியில் டிரிஃப்ட் வேண்டும் என்றால் எதிர்த்திசை: பின்பக்கத்தில் தடித்த பார். ஸ்பிரிங்கை மாற்றாமல் வளைவில் மட்டும் விறைப்பைக் கூட்டுவதால் நேர்ச் சடக்கில் உடம்பு குலுங்காது.

கேஇ70-ஐ நன்றாகத் தாழ்த்தினேன். இப்போது வளைவில் பின் டயர் குதிக்கிறது, இழுவையும் இல்லை. ஏன்?

கேஇ70-இன் பின்பக்கத்தில் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் முழு அச்சு. அதை நான்கு ஆர்ம்கள் முன்பின்னாகப் பிடிக்கின்றன, குறுக்கே ஒரு பன்ஹார்ட் ராட், லேட்டரல் ராட் என்றும் சொல்வார்கள். எண்ணெய் கொடுக்கும்போது அச்சு காடியை முன்னால் தள்ளுவது இந்த ஆர்ம்கள் வழியாகத்தான். கீழ் ஆர்மின் பாடிப் பக்க நுனி அச்சுப் பக்க நுனியைவிட உயரத்தில் இருந்தால் அந்தத் தள்ளலில் ஒரு பங்கு பாடியை மேலே தூக்கும், அதன் எதிர்விசை டயரைத் தரையில் அழுத்தும். காடியைத் தாழ்த்தும்போது பாடிப் பக்க நுனி இறங்கிவிடுகிறது. ஆர்ம் படுத்துவிடும், அல்லது தலைகீழாகச் சாயும். டயரை அழுத்த வேண்டிய விசை போய்விட்டது. இழுவை இல்லை என்று நீங்கள் உணர்வது இதைத்தான்.

மருந்து: அச்சுப் பக்கத்தில் கீழ் ஆர்மின் துளையை இறக்கும் பிராக்கெட். தெரிந்த வெல்டரிடம் மட்டும் கொடுங்கள். இது அறுந்தால் அச்சே திரும்பிவிடும், ஆகவே மலிவு பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல.

பன்ஹார்ட் ராடும் தாழ்த்தியதும் சாய்ந்துவிடும். அது ஒரு பக்கம் பாடியிலும் மறுபக்கம் அச்சிலும் மாட்டியிருப்பதால் அச்சு முழுவதும் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். பின்னால் நின்று பாருங்கள், ஒரு டயர் ஃபெண்டருக்கு வெளியே எட்டிப் பார்க்கும், மற்றது உள்ளே ஒளிந்திருக்கும். நீளம் மாற்றக்கூடிய ராட் போட்டு நடுவுக்குக் கொண்டு வரவும், முடிந்தவரை ராட் தரைக்கு மட்டமாக இருக்கட்டும். இல்லையென்றால் இடது வளைவில் ஒரு குணம், வலது வளைவில் வேறு குணம்.

குதிப்பதற்கு இன்னொரு காரணம் வெட்டிய ஸ்பிரிங். அப்சோபருக்கு ஓட இடமே இல்லாமல் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் இடிக்கிறது. இடித்த நொடியில் பின்பக்க விறைப்பு எக்கச்சக்கமாக ஏறும், டயர் விடும். ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். குட்டையான ஸ்பிரிங், அதற்கேற்ற குட்டை அப்சோபர் என்று ஜோடியாக வாங்குங்கள்.

120ஒய் வைத்திருப்பவர்களுக்கு: உங்களுடையது பட்டை ஸ்பிரிங். எகிறும்போது பட்டை எஸ் வடிவில் முறுக்கிக்கொண்டு திரும்ப அடிக்கும், அச்சு தடதடக்கும். அச்சு முறுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் பார் ஒரு ஜோடி போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

செஃபிரோ ஏ31-க்கு அலைன்மெண்ட் எண்கள் சொல்லுங்கள்.

செஃபிரோவின் பின்பக்கம் மல்டிலிங்க், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் பல ஆர்ம்கள் தனித்தனியாகப் பிடிக்கும் அமைப்பு, எஸ்13 சில்வியாவின் உறவு. கேம்பரையும் டோவையும் மாற்றலாம் என்பதால் விளையாட நிறைய இடம் இருக்கிறது, கெடுக்கவும் நிறைய இடம் இருக்கிறது.

தினசரி ஓட்டம், நல்ல பிடி வேண்டும்: பின் டோ மொத்தம் 2 மில்லிமீட்டர் உள்நோக்கி, கேம்பர் மைனஸ் 1 டிகிரி அளவில். டிரிஃப்ட் கற்கும் காடி: டோ பூஜ்யத்திலிருந்து 2 மில்லிமீட்டர் உள்நோக்கி வரை, கேம்பர் பூஜ்யத்துக்கும் மைனஸ் 1-க்கும் நடுவே. பார்த்தீர்களா, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு சிறியது!

டோவை வெளிநோக்கி வைத்தால் வால் சீக்கிரம் விடும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. விடும், உண்மைதான். ஆனால் நேர்ச் சடக்கில் மழையில் பிரேக் அடித்தாலும் விடும். பின்பக்க டோ-அவுட் எந்தக் காடிக்கும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கேம்பர் பற்றி ஒரு வார்த்தை. மல்டிலிங்க் பின்பக்கம் அமரும்போது மைனஸ் கேம்பர் தானாகவே ஏறும். டிரிஃப்ட்டில் பின்பக்கம் எப்போதும் அமர்ந்தேதான் இருக்கிறது. ஆகவே நிற்கும்போதே மைனஸ் 3 வைத்தால் ஓடும்போது டயரின் உள் ஓரம் மட்டும் தரையில் இருக்கும். அழகுக்காகச் சாய்ப்பவர்களின் டயர் உள்பக்கம் நூல் தெரியத் தேய்ந்து வெளிப்பக்கம் புதிதாக இருப்பது இதனால்தான்.

இன்னொரு ஆர்மை யாரும் கண்டுகொள்வதில்லை, டிராக்‌ஷன் ராட். அதன் நீளம் சரியில்லை என்றால் பின் சக்கரம் மேலும் கீழும் போகும்போது டோ மாறிக்கொண்டே இருக்கும். தாழ்த்திய காடியில் மற்ற ஆர்ம்களை நீளம் மாற்றிவிட்டு இதை மட்டும் பழையதாக விட்டால் மேட்டில் ஏறும்போது பின்பக்கம் தானாகவே ஸ்டியரிங் பிடிக்கும். சில நிசான்களில் பின் சக்கரத்தைத் திருப்பும் ஹைகாஸ் சிஸ்டமும் இருக்கும். பழசாகிவிட்ட ஹைகாஸை லாக் செய்துவிடுவது நல்லது.

அலைன்மெண்ட் கடைக்குப் போக ஈப்போ வரை ஓட வேண்டும். வீட்டிலேயே டோ பார்க்க முடியுமா?

முடியும். மட்டமான சிமெண்டுத் தரை வேண்டும். காடியின் இருபுறமும் நான்கு ஸ்டாண்டு வைத்து, சக்கர மையத்தின் உயரத்தில் நைலான் நூலை முன்னிருந்து பின் வரை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நூலும் காடியின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். சக்கர மையத்திலிருந்து நூலுக்கு உள்ள தூரம் இடமும் வலமும் முன் சக்கரத்தில் ஒன்றுபோலவும் பின் சக்கரத்தில் ஒன்றுபோலவும் வந்தால் சரி. முன்னும் பின்னும் சமமாக வராது, ஏனென்றால் இரண்டு அச்சின் அகலமும் வேறு.

அப்புறம் ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூலுக்கு ஒரு அளவு, பின் விளிம்பிலிருந்து நூலுக்கு ஒரு அளவு. இரும்பு ஸ்கேலால் எடுங்கள், துணிக்கடை டேப் வேண்டாம். முன் விளிம்பின் தூரம் 1 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் அந்தச் சக்கரம் 1 மில்லிமீட்டர் உள்நோக்கி இருக்கிறது. அளப்பதற்கு முன் காடியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி விடுங்கள். ஜாக்கிலிருந்து இறக்கியவுடன் அளந்தால் சஸ்பென்ஷன் அமர்ந்திருக்காது, எண் பொய் சொல்லும்.

முழு அச்சுள்ள கேஇ70, 120ஒய் காடிகளில் டோவும் கேம்பரும் மாற்ற முடியாது. அளந்து பார்த்து எண் கோணலாக வந்தால் அச்சு வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

டயர் காற்று?

கையில் இருக்கும் செட்டிங்குகளிலேயே சுலபமானது, இலவசமானது. தினசரி ஓட்டத்துக்குக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணை மீற வேண்டாம். பொது வண்டிகள் வராத பந்தயத் தளத்தில், சக்தி குறைந்த காடிக்குப் பின்னால் 35 முதல் 40 பிஎஸ்ஐ வைத்தால் டயர் சுலபமாக விடும். சக்தியுள்ள காடிக்கு இறக்கிக்கொண்டே வந்து பிடியைத் தேடலாம். டயர் சூடேறியதும் காற்று ஏறும், ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு அளந்து எழுதி வையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் பழைய எண்ணுக்குத் திரும்ப மறக்க வேண்டாம், நம் பக்கத்து மாலை மழையில் 40 பிஎஸ்ஐ பின் டயர் ஆபத்தானது.

டிஃப்பை (பின் அச்சின் டிஃபரன்ஷியலை) வெல்ட் பண்ணிவிட்டால் போதும் என்கிறார்களே?

சாதாரண டிஃப்பில் வளைவின் உள் டயர் எடை இழந்ததும் அது மட்டும் சுற்றும், புகை வரும், காடி நகராது. வெல்ட் செய்தால் இரண்டும் சேர்ந்தே சுற்றும், ஆக டிரிஃப்ட் வரும். மலிவு. ஆனால் மார்க்கெட் முன்னால் பார்க்கிங்கில் திரும்பும்போதுகூட டயர் கிறீச்சிடும், ஆக்ஸில் ஷாஃப்டுக்குத் தாங்க முடியாத சுமை. வேலைக்குப் போகும் காடியில் செய்யாதீர்கள். காசு சேர்த்து எல்எஸ்டி (ஒரு டயர் மட்டும் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃப்) போடுங்கள்.

என்னிடம் மைவிதான் இருக்கிறது. இதெல்லாம் எனக்கு உதவுமா?

தத்துவம் உதவும், டிரிஃப்ட் வராது. மைவி, சாகா, வீரா எல்லாம் முன்சக்கர இழுவை. அங்கே பிடி தேவைப்படுவது முன் டயருக்கு. பின்பக்கத்தைக் கொஞ்சம் விறைப்பாக்கினால் வளைவில் பின் அச்சு அதிக எடை மாற்றத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் முன் உள் டயர் தரையை விடாமல் இழுக்கும். பின் பார் போட்ட முன்சக்கரக் காடி மூக்கைத் தள்ளாமல் திரும்புவது இதனால்தான். அளவு மீறினால் வளைவில் திடீரென்று எண்ணெயை விடும்போது வால் சுற்றிவிடும்.

தோட்டத்து ஹைலக்ஸ் காலியாகப் போனால் மழையில் பின்பக்கம் ஆடுகிறது. கோளாறா?

கோளாறு இல்லை. உரமூட்டை ஏற்றும் கணக்கில் போட்ட பட்டை ஸ்பிரிங், காலியாக இருக்கும்போது அந்த எடைக்கு மிகவும் விறைப்பு. மேலே சொன்ன அதே காரணம். பட்டையை உருவி எடுக்காதீர்கள், சுமை ஏற்றும் நாளில் அவதிப்படுவீர்கள். காலி ஓட்டத்துக்குக் குறித்திருக்கும் காற்றளவை வையுங்கள், பின் டயரின் பூ நன்றாக இருக்கட்டும்.

அப்சோபரில் கிளிக் கிளிக் என்று முப்பது படி இருக்கிறது. எங்கே வைப்பது?

நடுவில் ஆரம்பியுங்கள். பின்பக்கப் பிடி வேண்டுமென்றால் அழுங்கும் வேகத்தைத் தடுக்கும் பம்ப் பக்கத்தை இரண்டு மூன்று கிளிக் மெதுவாக்குங்கள். நீளும் வேகத்தைத் தடுக்கும் ரீபவுண்டை மிக இறுக்கினால் அடுத்தடுத்த மேடுகளில் ஸ்பிரிங் நீள நேரம் இல்லாமல் காடி கீழேயே அமர்ந்துவிடும், டயர் காற்றில் தொங்கும். ஒரே திருகில் இரண்டும் சேர்ந்து மாறும் மலிவு அப்சோபர் என்றால் மெதுவான பக்கமே நல்லது.

செம்பனைக் காட்டுச் சடக்கில் பழகலாமா? யாரும் வருவதில்லையே.

வருவார்கள். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் ஆட்கள், குலை ஏற்றிய லோரி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை மோட்டாரில் ஏற்றிப் போகும் அம்மாக்கள். பொதுச் சடக்கில் ஆபத்தாக ஓட்டினால் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆவது பிரிவு சிறைத் தண்டனை வரை போகும். அதைவிட, செம்மண்ணில் நீங்கள் செட்டிங்கைப் பற்றி எதுவும் கற்க முடியாது. மண்ணில் எல்லாக் காடியும் வழுக்கும், எந்த மாற்றம் என்ன செய்தது என்று பிரித்தறிய வழியில்லை. பேராக்கில் கம்போங் காஜாவில் டத்தோ சாகோர் சர்க்யூட் இருக்கிறது, தெற்கே சிப்பாங் இருக்கிறது. நண்பர்களோடு காசு பங்கிட்டு முறையாகத் தளத்துக்குப் போங்கள்.

ஒரே காடியை வேலைக்கும் ஓட்டி, தளத்திலும் டிரிஃப்ட் பண்ண முடியுமா?

முடியும், ஒரு நிபந்தனை: மாற்றுவது சில நிமிடங்களில் திரும்ப வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஸ்பிரிங், ஆர்ம், டோ, கேம்பர் எல்லாம் தினசரி ஓட்டத்துக்கான அளவிலேயே இருக்கட்டும். தளத்தில் பின் டயர் காற்று, அப்சோபர் கிளிக், ஸ்டேபிலைசர் பாரின் லிங்க் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டி, எழுதி வைத்து, பிறகு அடுத்தது. பார் லிங்கின் நட்டில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் திரும்ப இறுக்கியதும் கோடு சேர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரியும். பின்பக்கத்துக்குப் பழைய டயர் ஒரு ஜோடியைத் தனி ரிம்மில் கொண்டு போங்கள், வீட்டுக்குத் திரும்பும்போது நல்ல டயர்தான் பின்னால் இருக்க வேண்டும்.